உப்பு ஜன்னல்

1962 அக்டோபர். பசிபிக் கடலில் உள்ள ஜான்ஸ்டன் தீவிலிருந்து அணுகுண்டு ஏற்றிய ராக்கெட் கிளம்ப வேண்டிய நாள். தீவுக்குச் சற்றுத் தள்ளி ஓர் அமெரிக்க விமானம் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"கையை எடுடா லைல். வேர்வை பட்டா ஜன்னல் போச்சு" என்றார் மூத்தவரான ஸ்டக்கி.

லைல் கையை இழுத்துக்கொண்டான். வானத்தில் குண்டு வெடிக்கும்போது கிளம்பும் அகச்சிவப்புக் கதிர்களை அளப்பது அவர்கள் இருவரின் வேலை. அந்தக் கதிர்களைக் கண்ணாடி மறித்துவிடும் என்பதால் உப்புப் பாளத்தை இழைத்து, கருவிக்கு முன்னால் ஜன்னலாகப் பொருத்தியிருந்தார்கள். ஈரம் பட்டால் அது வெளுத்துவிடும்.

லைலுக்கு இது முதல் வெடிப்பு. போன தடவை நிமிர்ந்து பார்த்த ஒருவனுக்குப் பார்வை போய்விட்டதாக முகாமில் பேச்சு.

"டிசம்பர்ல எனக்குக் குழந்தை பிறக்குது சார். அது முகத்தை நான் பார்க்கணும்."

"பார்ப்பே. அதுக்கு உன் மூக்கு வராம இருந்தா சரி."

மூன்று வெடிப்புகளைப் பார்த்தவர் ஸ்டக்கி. கண்ணைக் காக்கத் தந்த கறுப்புக் கண்ணாடியை லைல் தலைகீழாக மாட்டியதை விமானியிடமும் சொல்லிச் சிரித்தார்.

வெடிப்புக்காக விமானத்துக்குள் விளக்கை அணைக்குமுன் அவர் குனிந்து ஜன்னலைக் கடைசியாகச் சோதித்தார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. உப்பின் நடுவில் திட்டாக வெளுத்திருந்தது. இனி அளப்பது வீண் என்று விமானிக்குச் சொன்னார். விமானம் ஹவாய்க்குத் திரும்பியது.

வழியெல்லாம் லைல் கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஜன்னலைத் தொட்டோமா, இல்லையா? நினைவுக்கு வரவில்லை. பயந்து வேலையைக் கெடுத்தவனுக்கு ராணுவ விசாரணை உண்டு.

தரையிறங்கியதும் மேஜர் விசாரித்தார். கடல்காற்றின் ஈரம்தான், யார் மேலும் தப்பில்லை என்றார் ஸ்டக்கி. மேஜர் லைலின் நனைந்த உள்ளங்கைகளைப் பார்த்தார். பிறகு அறிக்கையில் 'ஈரம்' என்றே எழுதிக்கொண்டு போனார்.

"என் வேர்வைதான் சார். என்னைக் காப்பாத்திட்டீங்க" என்றான் லைல்.

"நீ தொடவே இல்லடா." ஸ்டக்கி தண்ணீர்க் குவளையை எடுத்தார். தன் விரல் நுனியில் ஊற்றித் தேய்த்துக் கழுவினார். "எச்சில் தொட்டு வச்சது நான். இன்னொரு தரம் அந்த வெடிப்பைப் பார்க்க என்னால முடியாது."

அடுத்த வெடிப்புக்குப் புது ஜன்னல் பொருத்தினார்கள். அனுபவசாலி என்று ஸ்டக்கியையே மறுபடி அனுப்பினார்கள்.