கில்பர்ட்டின் மொக்கை ஆல்பம்

ஒரு வாரம் நாலு பேராவது பேசாத பாட்டை இப்போதெல்லாம் இணையத்தில் எல்லா இடத்திலிருந்தும் அழித்துவிடுகிறார்கள். அதனால் வியாசர்பாடி ஸ்டெல்லா தினமும் காலையில் டீ டம்ளரோடு உட்கார்ந்து, செத்துப்போன தன் புருஷனின் ராப் ஆல்பத்தைத் திட்டி எழுதுவாள்.

"கில்பர்ட் ஆல்பம் மாதிரி ஒரு மொக்கை உலகத்துலயே கிடையாது."

பாராட்டி எழுதினால் ஒருத்தரும் எட்டிப்பார்ப்பதில்லை. திட்டினால் பழைய ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆல்பம் பிழைத்துக்கொள்ளும்.

இந்த வாரம் ஒரே ஒரு பதில்தான் வந்தது. யாரோ ஒரு பையன்.

"ஆமாக்கா, மொக்கைதான். விடுங்க."

ஸ்டெல்லா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுதினாள்.

"டேய், மூணாவது பாட்ட காது குடுத்துக் கேட்டியா? நடுவுல அவரு மூச்சு வாங்குவாரு. அதுக்கோசரமாவது கேளுடா."