தொடாத இரை

பூச்சியின் ஐந்தாவது காலை வரைந்துகொண்டிருந்தேன்.

நொய்யரிசி அளவுதான் இருக்கும். இறால் ஜாதி. கண் கிடையாது. கண் இருக்கவேண்டிய இடத்தில் மழமழவென்று ஓடு. வெளிச்சமே எட்டாத ஆழத்தில் கண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறது?

இதுவரை யாரும் எழுதி வைக்காத உயிர். அதை முதன்முதலாக விவரிக்கும் வேலை ஜொகூர் பாருவில் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு, அதாவது என் தலைக்கு, வந்து சேர்ந்திருந்தது. நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு காலையும் காலில் இருக்கும் ஒவ்வொரு மயிரையும் வரைய வேண்டும். கழுத்து விட்டுப்போகும். ஆனாலும் எனக்குப் பிடித்த வேலை. பூச்சி எதிர்த்துப் பேசாது.

‘வாய், வெட்டுவதற்கு ஏற்றது’ என்று எழுதினேன். ‘வயிறு, விரியக்கூடியது. உடம்பில் பாதிக்குமேல் வயிறு.’

தென்சீனக் கடலின் அடியில் ஆய்வுக் கப்பல் இறக்கிய கூண்டில் மாட்டியவை இவை. செத்து விழுவதைத் தின்று பிழைக்கும் கூட்டம் என்பதால், கூண்டுக்குள் இரையாகக் கெம்போங் மீனைக் கட்டியிருந்தார்கள். கூண்டு மேலே வந்தபோது மீன் அப்படியே இருந்ததாம். ஒரு கடி இல்லை.

ஆனால் உள்ளே இருந்த அத்தனைக்கும் வயிறு முட்டியிருந்தது.

வேறெங்கோ விருந்தை முடித்துக்கொண்டு நம் வீட்டுக்கு மரியாதைக்கு வந்திருக்கின்றன என்று எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

பெயர் மட்டும் இன்னும் வைக்கவில்லை. உன் அண்ணன் பெயரையே வைக்கலாமே என்று போன வாரம் கேட்டார் எங்கள் தலைவர் டாக்டர் பிரேமலா. நல்ல மனதோடுதான் கேட்டார். ஆனால் அப்படி வைப்பது பெரும்பாலும் இறந்தவர்களின் நினைவாக. வேண்டாம் என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டேன்.

என் நானா ருக்னுதீன் இறக்கவில்லை. காணவில்லை.

பாசிர் கூடாங் துறைமுகத்தில் பாமாயில் ஏற்றிக்கொண்டு கிளம்பிய கப்பலில் இன்ஜினியர். அந்தக் கூண்டு இறங்குவதற்குச் சில நாள் முன்பு, காலையில் ஆள் எண்ணும்போது அவர் இல்லை. கப்பலைத் திருப்பித் தேடினார்கள். பிறகு தேடுவதை நிறுத்தினார்கள்.

அதுவும் தென்சீனக் கடல்தான். கடல் பெரியது. அந்த எண்ணம் வரும்போதெல்லாம் பென்சிலைச் சீவ ஆரம்பித்துவிடுவேன்.

அவர் மனைவி மைமூன் மச்சி இன்னும் வண்ணச் சேலைதான் கட்டுகிறார். கை நிறைய வளையல். கணவனை இழந்தவள் வெள்ளை கட்டி வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும், கோர்ட்டில் மனுப் போட்டு முடிவு கட்டு என்று சொந்தக்காரர்கள் நச்சரிக்கிறார்கள். மச்சி அசையவில்லை.

“யாராச்சும் ஒருத்தர் வந்து, மவுத்தாயிட்டாருன்னு நிச்சயமா சொல்லட்டும். அந்த நிமிஷமே இத்தாவுல உக்காந்துடுறேன். அதுவரைக்கும் நான் அவரு பொண்டாட்டிதான்.”

அந்த வீட்டில் வெள்ளிக்கிழமை பிரியாணி இன்னமும் அவரையும் சேர்த்துத்தான் ஆக்கப்படுகிறது. மிஞ்சுவதை எனக்குக் கட்டித் தருவார். மறுக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

கதவு படாரென்று திறந்தது. டாக்டர் பிரேமலா. கையில் போன், முகத்தில் கடுகு வெடித்தது.

“என்ன வேலை பண்ணி வச்சிருக்க, ஷிரீன்? பூச்சி வயித்துல என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ண சிங்கப்பூருக்கு அனுப்பினோம்ல, ரிசல்ட்ல மனுஷ டிஎன்ஏ வருது. யாரோடதுன்னு பாத்தா உன்னோடது! கிளவுஸ் போடாம தொட்டியா? அலமாக், ஸ்கூல் பிள்ளைகூட இப்படிப் பண்ணாது லா.”

எங்கள் தொழிலில் இது ஒரு வழக்கம். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்யும் எல்லோரும் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்திருக்கிறோம். நாளைக்கு மாதிரியில் மனித மரபணு கலந்து வந்தால், எங்களில் யார் கை பட்டது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கத்தான். எங்கள் எல்லோருடையதோடும் ஒப்பிட்டிருக்கிறார்கள். என்னுடையதோடு அப்படியே பொருந்தியிருக்கிறது.

வாயைத் திறந்தேன். செய்யாத தப்புக்கு ஏச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஆள் இல்லை நான். அது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் சொன்னது வேறு.

மன்னித்துக்கொள்ளுங்கள் டாக்டர், கை பட்டிருக்கும் என்றேன்.

அவரே கொஞ்சம் திகைத்துப்போனார். இதை எழுத வேண்டாம், வேறொரு மாதிரியை அனுப்பலாம் என்று குரலைத் தணித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

எழுந்து கதவைச் சாத்தினேன். பென்சிலைச் சீவ ஆரம்பித்தேன்.

சிங்கப்பூருக்குப் போன குப்பி இந்தக் கட்டடத்துக்குள் வந்ததே இல்லை. கப்பலிலேயே அடைத்து முத்திரை வைத்தது. எங்கள் ஆய்வுக்கூட உதவியாளர் சுகுமாறன் துறைமுகத்திலிருந்து நேராகப் பாலம் தாண்டிக் கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அதைத் தொட்டதில்லை. கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

கோபத்தில் டாக்டருக்கு இன்னொன்றும் தோன்றவில்லை. நாளைக்கே தோன்றலாம். அந்தச் சோதனை பார்ப்பது தாயிடமிருந்து பிள்ளைக்கு வரும் மரபணுவை மட்டும். ஒரு தாய் வயிற்றில் பிறந்த எல்லோருக்கும் அது ஒன்றேதான். அக்காவா, தங்கையா, அண்ணனா என்று அதற்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மேசைமேல் போன் அடித்தது. மைமூன் மச்சி. இன்று வெள்ளிக்கிழமை. சோறு ஆறுவதற்குள் வா என்று கூப்பிடத்தான்.

உம்மாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள்.