கிளிஞ்சல்மேட்டுப் பெண்

உள்ளே வந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டுத்தான் கார்த்திகேசன் உட்கார்ந்தான். தலத்தெருவில் மனநல மருத்துவர் நீலாயதாட்சியின் வீட்டு முன்னறை அது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் வேறு யாரும் இல்லை.

"இன்னிக்கு சாயந்திரம் அவ வீட்டுக்குப் போகப் போறேன், மேடம். உங்ககிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

நீலாயதாட்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த மாதிரிப் பேச்சை நிறையவே கேட்டவர்தான். ஆனால் மடிப்புக் கலையாத சட்டையும் சென்ட் வாசனையுமாக, கல்யாணத்துக்குக் கிளம்பியவன் போல் வந்து யாரும் சொன்னதில்லை.

"எந்த ஊரு அந்தப் பொண்ணு?"

"கிளிஞ்சல்மேடு. புருஷன் கடலுக்குப் போயிருக்கான். வர நாலு நாளாவும்னு அவளேதான் சொன்னா."

"பேரு?"

"அது மட்டும் சொல்ல மாட்டேன்." குரல் இறுகியது. "என்கிட்ட அவ எதையும் மறைக்கறதில்ல, மேடம். ராத்திரி அவ காணற கனவுகூட எனக்குத் தெரியும்."

"வீட்டுக்கு வரச் சொன்னாளா?"

"வாயால சொல்லல. ஆனா இப்பல்லாம் தலை நிறைய பூ வச்சுக்கிட்டுதான் வர்றா. போன வாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதா. நீங்கதான் எனக்கு எல்லாம்னு சொன்னா."

"நீங்க என்ன பண்ணுனீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "கைய இழுத்துக்கல."

நீலாயதாட்சி சற்று யோசித்துவிட்டு, "அவளுக்கு அப்பா இருக்காரா?" என்று கேட்டார்.

"இல்ல. சுனாமியில போயிட்டாரு. அப்ப இவ சின்னப் பிள்ள. அப்பா கைய விட்டுட்டாருன்னு சொல்லிச் சொல்லி இன்னும் அழுவா."

"அப்ப போன வாரம் அவ பிடிச்சது யாரு கைய?"

கார்த்திகேசனின் முகம் கறுத்தது. மேசையில் இருந்த பைக் சாவியை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அவ என்னைத்தான் விரும்பறா. நான் போயே தீருவேன்."

நீலாயதாட்சி அவனுக்கு முன்னால் போய்க் கதவை மறித்து நின்றார். அவன் ஆறடி ஆள். இவருக்கு முழங்கால் வலி. பக்கத்து வீட்டைக் கூப்பிட்டால் கேட்குமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

பயமாகத்தான் இருந்தது, ஆனால் தனக்காக இல்லை. இவன் இன்றைக்கு அந்த வாசலில் போய் நின்றால், அந்தப் பெண் பிறகு ஒருத்தரிடமும் மனதைத் திறக்க மாட்டாள். ஆனால் இன்றைக்கு, புருஷன் ஊரில் இல்லாத வீட்டில், இவனை நம்பிக் கதவை மட்டும் திறந்துவிடுவாள்.

"தள்ளுங்க, மேடம்."

"போறதுன்னு முடிவு பண்ணிட்டவரு என்கிட்ட ஏன் வந்தீங்க?"

அவன் கை தாழ்ப்பாள் வரைக்கும் போய் நின்றது. வெளியே தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. அவன் அப்படியே நாற்காலியில் சரிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"நீங்க தடுப்பீங்கன்னுதான் வந்தேன்."

நீலாயதாட்சி அவன் விரல்களிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, தண்ணீர்ச் சொம்பை நீட்டினார். அவன் குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றார். பிறகு மெல்லச் சொன்னார்:

"உங்க பேஷண்ட்ட இனிமே நான் பாக்கறேன், டாக்டர்."