எஞ்சின் வயிற்றில் ஒரு குறி

"எஞ்சின ஸ்டாண்டுல ஏத்தாத சிலுவ. நாந்தான் கெடுத்தேன்னே வச்சிக்கோ. வுட்டுட்டு ரிப்பேரப் பாரு."

தாவூது இப்படிச் சொன்னதும் சிலுவைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. ராயபுரத்தில் ஒரே தெருவில், எதிரெதிரே பட்டறை போட்டுக்கொண்டு பதினாறு வருடமாக உரசிக்கொண்டிருக்கும் இரண்டு மெக்கானிக்குகள் அவர்கள். அதில் ஒருவன் தானாகவே வந்து மாட்டிக்கொண்டால் மற்றவனுக்கு வேறென்ன வேண்டும்?

"வச்சிக்கறதெல்லாம் வோணாம் பாய். தெருவே பாக்க தொறந்துடலாம்" என்றான் சிலுவைமுத்து.

விவகாரம் இதுதான். துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருக்கும் வேதமாணிக்கம் சார் போன வருடம் ஒரு முப்பத்தேழாம் வருட மோரிஸ் கார் வாங்கினார். கைமாறிக் கைமாறி, பெயின்ட் மேல் பெயின்ட் ஏறி, சொந்த நிறமே தெரியாமல் போன கார். போன வாரம் எண்ணூர் ரோட்டில் கடகடவென்று அடித்துக்கொண்டு, எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. விற்ற ஆளைக் கேட்டால், ஐந்தாறு வருடத்துக்கு முன் இந்தத் தெருவில்தான் எஞ்சினைப் பிரித்து வேலை பார்த்ததாகக் கேள்வி என்று கையை விரித்தார். தெருவில் இருப்பதோ இரண்டே பட்டறை; கார் ரிப்பேருக்கு வந்து நின்றது சிலுவைமுத்துவிடம்.

சிலுவைமுத்து சும்மா இருந்திருக்கலாம். அவன் வாய் எங்கே சும்மா இருந்தது? டீக்கடையில் அத்தனை பேர் முன்னால் சவால் விட்டுவிட்டான்.

"என் கை பட்ட எஞ்சின் எதுவும் நடுரோட்ல நின்னதில்ல. இதுக்குள்ள என் சிலுவக் குறி இருந்துச்சுன்னு வச்சிக்கோ, பட்டறையப் பூட்டி சாவிய பாய் கைல குடுத்துட்டு ஆர்பர்ல மூட்ட தூக்கப் போயிடறேன்."

குறி குத்துவது அந்தத் தெரு மெக்கானிக்குகளின் பழக்கம். எஞ்சினை முழுதாகப் பிரித்துச் சேர்த்தால், அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பின் உட்புறத்தில் தன் குறியையும் மாதம் வருடத்தையும் உளியால் குத்தி மூடிவிடுவார்கள். சிலுவைமுத்துவுக்கு ஒரு சின்னச் சிலுவை. தாவூதுக்குப் பிறை. மறுபடி பிரிக்கும்வரை அது யார் கண்ணிலும் படாது.

சவால் சின்ன சவால் இல்லை. மனைவி ஃப்ளோரா இறந்த பிறகு சிலுவைமுத்துவுக்கு இருந்ததெல்லாம் அந்தப் பட்டறை ஒன்றுதான். அது போனால் காலையில் எழுந்திருக்கவே காரணம் கிடையாது. ஆனால் தோற்போம் என்ற நினைப்பு அவனுக்குத் துளியும் இல்லை.

தரையில் போட்டுப் பிரித்தால் ஊர் எப்படிப் பார்க்கும்? துறைமுக ஏலத்தில் எடுத்த ஆங்கிள் இரும்பை அறுத்து, வெல்டு வைத்து, மூன்று நாளில் தானே ஒரு ஸ்டாண்டு செய்தான். எஞ்சினை நெஞ்சு உயரத்தில் நிறுத்தி, வேண்டியபடி தலைகீழாகத் திருப்பலாம்.

தூக்கத்தான் வழியில்லை. கனத்தைத் தூக்கும் சங்கிலிக் கப்பி, செயின் பிளாக்கு, தெருவிலேயே இருந்தது தாவூதிடம் மட்டும். அவனிடம் போய்க் கேட்பதாவது! உத்தரத்தில் கயிற்றைக் கட்டி, டீக்கடை ஆட்களை வைத்து இழுத்தான். எஞ்சின் இரண்டடி ஏறி இறங்கியது. மறுபடியும் இழுத்தான். இந்தத் தடவை அவன் கைமுட்டித் தோலையும் உரித்துக்கொண்டு இறங்கியது. துணியைச் சுற்றிக்கொண்டு மூன்றாம் தடவைக்குத் தயாரானபோது, தாவூது செயின் பிளாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மாட்டிவிட்டான். பாய்க்கு இப்போதே உதறல் எடுத்துவிட்டது என்று சிலுவைமுத்து நினைத்துக்கொண்டான்.

எஞ்சின் ஏறியது. ஸ்டாண்டில் மூன்று போல்ட் சுலபமாகப் பிடித்தன. நாலாவது துளை ஒரு நூல் விலகி நின்றது. தாவூது குனிந்து எஞ்சினுக்கடியில் தோளைக் கொடுத்தான்.

"வுட்றாத பாய்."

"நான் வுடல. நீ முடுக்கு."

முடுக்கினான். பிறகு எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி, சம்ப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அதற்குள் பட்டறை வாசல் கல்யாண வீடு மாதிரி நிரம்பிவிட்டது; வேதமாணிக்கம் சாரும் வந்து முன்னால் நின்றார். ஜெயிக்கப்போகிறவனுக்கு ஒரு பெருந்தன்மை வருமே, அது சிலுவைமுத்துவுக்கும் வந்தது.

"நீயே தொற பாய். நீயே படிச்சி சொல்லு. அப்பறம் நான் மாத்திட்டேன்னு பேச்சு வரக் கூடாது."

தாவூது சம்ப்பைத் தூக்கினான். எண்ணெய்ச் சல்லடையில் கறுப்பாக ஒரு துணிப்பந்து அடைத்துக்கொண்டிருந்தது. என்றைக்கோ உள்ளே மறந்த துடைக்கிற துணி. கூட்டம் உச்சுக்கொட்டியது. அவன் சம்ப்பை நெஞ்சோடு சாய்த்து, கட்டை விரலால் கசடைச் சுரண்டிக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"எம் பிறைதான்" என்றான். "துணிய உள்ள வுட்டு மூடிட்டேன். மன்னிச்சிக்கோங்க சார்."

சம்ப்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, செயின் பிளாக்கைக் கழற்றிக்கொண்டு, கூட்டத்தின் கேலிக்கு நடுவே தெருவைக் கடந்து போனான். நாளைக்கே தன் காரை பாயிடமிருந்து எடுத்துவிடப் போவதாக ஒருவர் சத்தமாகவே சொன்னார். சிலுவைமுத்துவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. எல்லாருக்கும் டீ சொன்னான்.

கூட்டம் கலைந்ததும், சீட்டியடித்துக்கொண்டே சம்ப்பை மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவினான். கசடு கரைந்து குறி துலங்கியதும் சீட்டி நின்றுவிட்டது. சின்னதாக ஒரு சிலுவை, அதன் கீழே 11-61.

அது ஃப்ளோராவை அடக்கம் செய்த மாதம். என்ன தின்றான், என்ன வேலை செய்தான் என்று ஒன்றுமே நினைவில் தங்காத அந்த மாதத்தில் அவனுக்கு ஞாபகமிருந்தது ஒன்றுதான்: அவள் பெட்டிக்குத் தோள் கொடுத்த நாலு பேரில் தாவூதும் ஒருவன்.