கண்ணை மூடிக்கோங்க

"கண்ணை மூடிக்கோங்க. இது என்னன்னு சொல்லுங்க, பார்ப்போம்."

தம்பி கண்ணை மூடிக்கொண்டான். மனைவி உள்ளங்கையில் வைத்ததை விரல்களால் உருட்டிப் பார்த்தான்.

"சாவி."

"கரெக்ட்! அடேங்கப்பா!"

வாசலில் பையோடு நின்ற அக்காவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் கையில் இருந்தது பாட்டில் மூடி!

அடுத்து சீப்பை 'ஸ்பூன்' என்றான். அதுவும் கரெக்டாம்.

தம்பி தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். கண்ணாடி கிழித்து மணிக்கட்டில் நரம்பு அறுந்து, தைத்து மாதக்கணக்காகிறது. வலியும் எரிச்சலும் தணிந்துவிட்டன. விரலுக்கு உணர்ச்சி திரும்பினால்தான் மறுபடி கத்தரி பிடிக்க முடியும்.

அக்காவுக்குப் பொய் என்றாலே ஆகாது. 'அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடு' என்று குடும்பமே கேலி செய்யும். தம்பி மனைவியைச் சமையலறைக்குள் இழுத்துப்போனாள்.

"என்னம்மா கூத்து இது? அவன் பிழைப்பே அந்த விரல்லதான் இருக்கு!"

"மெல்லப் பேசுங்க அண்ணி. நரம்பு மெதுவாத்தான் வளருமாம். தினமும் தொட்டுத் தொட்டுப் பழகினா விரல் மறுபடி கத்துக்கும்னு டாக்டர் சொன்னார். தப்புன்னு சொன்னா இவர் முகம் வாடிடுது. பழகுறதையே விட்டுட்டார்னா?"

"அதுக்காக முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பியா? நானே சொல்லிடுறேன்."

விடுவிடுவென்று கூடத்துக்குப் போனாள். பையைத் துழாவி, அகப்பட்டதை எடுத்தாள்.

"கண்ணை மூடுடா. இது என்ன?"

"சட்டை பட்டன். நாலு ஓட்டை. ஓரத்துல லேசா உடைஞ்சிருக்கு."

அக்கா குனிந்து பட்டனைப் பார்த்தாள்; அவன் சொன்னது அத்தனையும் சரி. மறுகணம் சந்தோஷத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய்! அப்போ அந்தச் சீப்பு?"

"உஷ்! முந்தாநாள்லேர்ந்து எல்லாம் தெரியுதுக்கா. சனிக்கிழமை டாக்டர் முன்னாடி சரியாச் சொல்லி அவளைத் துள்ளவைக்கப் போறேன். அதுவரைக்கும் காட்டிக்கொடுத்துடாதே."

"ஏன்டா?"

"கல்யாணமான நாள்லேர்ந்து ஆபீஸ், அடுப்படின்னு பம்பரமாச் சுத்துறா. இந்த அரை மணி நேரம்தான் என் பக்கத்துல உட்கார்ந்து சிரிக்கிறா. நான் தப்பாச் சொன்னா, 'இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு'ன்னு கூடக் கொஞ்ச நேரம் உட்காருறா."

தம்பி மனைவி கரண்டியோடு பயந்து பயந்து எட்டிப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லிட்டீங்களா அண்ணி?"

"எங்கேம்மா! பட்டனைக் கொடுத்தா மாத்திரைங்கிறான். நானும் கரெக்டுன்னு சொல்லிட்டேன்," என்று அவள் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள் அக்கா. "நீ வந்து இவன் பக்கத்துல உட்காரு. அடுப்பை நான் பார்த்துக்கிறேன்."