அக்காவின் நாலு பக்கம்

மத்தியான வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைக் கீபோர்டின் மேல் வரிவரியாகப் போடுகிறது. அக்கா கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் என் விரல்களையே பார்க்கிறாள். விவாகரத்து மனு, நாலு பக்கம். அத்தான் அடித்த தேதிகள், தாழ்ப்பாள் போட்ட அறை, ஆஸ்பத்திரியில் சொன்ன பொய். அம்மாவிடம்கூடச் சொல்லாததை மூன்று நாளாக என்னிடம் சொல்லி டைப் செய்ய வைத்தாள். வக்கீல் பிடிஎஃப்பாகக் கேட்டார். அதற்கென்று மென்பொருள் வாங்கக் காசு தண்டம் என்று, முதலில் கண்ணில் பட்ட இலவசத் தளத்தில் ஏற்றிவிட்டேன். வட்டம் சுற்றி நிற்கிறது. 'உங்கள் கோப்பு தயார்.' பக்கத்தில் ஒரு செருப்பு விளம்பரம் ஆடுகிறது. "வேற யாரும் படிக்க மாட்டாங்கல்லடா?" என்கிறாள். "நாம ரெண்டு பேரு, வக்கீல், அப்புறம் கோர்ட்டு. அவ்ளோதாங்க்கா." சொன்ன பிறகுதான் தளத்தின் அடியில் உள்ள பொடி எழுத்து கண்ணில் படுகிறது: 'நீங்கள் ஏற்றும் கோப்புகளை எங்கள் தேவைக்கு வைத்துக்கொள்வோம்.' சட்டென்று அந்தப் பக்கத்தை மூடுகிறேன். பின்னால் வேர்டில் அவள் மனு திறந்தபடியே இருக்கிறது. அதன் மெனுவைத் திறக்கிறேன். சேமிக்கும் இடத்திலேயே, பட்டியலில், 'பிடிஎஃப்' என்று இருக்கிறது. இத்தனை வருஷமும் அங்கேயேதான் இருந்திருக்கிறது. ஃபேன் கடகடக்கிறது. அக்கா எழுந்து, பல நாளைக்குப் பிறகு லேசாகச் சிரித்து, என் தலைமுடியைக் கலைக்கிறாள். "உன்ன விட்டா இத நான் யார நம்பிடா குடுப்பேன்?"