டுரியான் மரத்தடியில்

தகரக் கூரையில் மடாரென்று ஏதோ விழுந்தது. அக்காவின் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்த பாலகுரு தலையைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் பதுங்கினான்.

"டுரியான்டா. செத்துப்போயிட மாட்டே, எழுந்திரு" என்று சிரித்தாள் இந்துமதி.

போர்னியோவின் அந்தச் சின்ன ஊரில், பலாவைப் போல முள் நிறைந்த அந்தப் பழத்தை யாரும் ஏறிப் பறிப்பதில்லை. தானாக விழும்வரை காத்திருப்பார்கள். தலை தப்பினால் பழம்.

ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு அவள் தோட்டத்தில் இறங்கினாள். அத்தானின் ஹெல்மெட். அவர் காலமாகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, அந்தக் கனத்த தலையோடு அவள் புல்லில் பழம் தேடுவதைப் பார்க்க பாலகுருவுக்கு உடம்பு கூசியது.

"என்னக்கா கோலம் இது? சாயங்காலம் ஃப்ளைட். அங்கே மாடி ரூமை உனக்காக ஒழிச்சு வச்சிருக்கோம்."

"உன் பிள்ளைகளை ஸ்கூல்ல விட ஆள் வேணுமாக்கும்?"

"அதுக்கா கூப்பிடறேன்? அத்தான் ஆசைக்கா அது. ஊருக்கு வந்துடணும், வந்துடணும்னு போன்ல எத்தனை தடவை அழுதார்!"

இன்னொரு பழம் அவள் காலருகே தொப்பென்று விழுந்தது. இந்துமதி அசையவில்லை. ஹெல்மெட்டின் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுத் தம்பியை நேராகப் பார்த்தாள்.

"அழுதது அவர்தானேடா. நான் ஒரு நாளாவது அழுதேனா?"